அண்ணனின் உடலைத் தம்மாமிலிருந்து கொண்டுவந்தபோது

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் அங்கேயே இறந்துவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுவருவது யார் பொறுப்பு, யார் செலவு என்று எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். திருச்சிக்கு வடக்கே, வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊர் எங்களுடையது. அப்படியும் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். தூதரகமே அனுப்பிவிடும் என்பார் ஒருவர். கலெக்டருக்கு மனு கொடுத்தால் போதும் என்பார் இன்னொருவர். லட்சக்கணக்கில் கட்டினால்தான் பெட்டி விமானத்தில் ஏறும் என்று அடித்துச் சொல்வார் மூன்றாமவர். என் அண்ணன் சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் இறந்தபோது இந்த மூன்றையும் கேட்டேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அண்ணி எழுந்து உட்காரும் நிலையில் இல்லை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஓடியாட மிச்சமிருந்தது நான் ஒருத்திதான். ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலம் ஆனது. அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடிய தாமதம். அது எங்கெங்கே போனது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் ஏ.சி. மெக்கானிக். ஒரே கம்பெனியில் 11 ஆண்டுகள். இரவுப் பணி முடித்து வந்து படுத்தவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அறையில் உடனிருந்தவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவர்தான் எனக்குப் போன் செய்தார். நல்ல மனிதர், அழுகையில் பேச்சே வரவில்லை. ஆனால் அவர் அழைப்பதற்கு முன்பே அந்த முகாமிலிருந்து யாரோ ஒருவர் அண்ணன் கட்டிலில் கிடக்கும் படத்தை எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பெரியவர்கள் அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்க, அண்ணனின் மகன் பக்கத்து வீட்டுப் பையனின் போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். அவனுக்குப் பதிமூன்று வயது. அந்தப் படத்தைப் போட்டவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: படம் எடுக்காதீர்கள். வீட்டில் பொறுப்பான ஒருவருக்குப் போன் செய்யுங்கள், அதுபோதும்.

முதல் நாளிலேயே உடனிருந்தவரிடம் கேட்டு வாங்கவேண்டியவை சில உண்டு. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், இக்காமா என்னும் சவூதி வசிப்பு அனுமதி அட்டையின் இரண்டு பக்கங்கள், கம்பெனியின் முழுப்பெயர், அங்கே பொறுப்பில் இருக்கும் அதிகாரியின் செல்பேசி எண், உடல் எந்த மருத்துவமனைப் பிணவறையில் இருக்கிறது, எந்தக் காவல் நிலையம் விசாரிக்கிறது. இவ்வளவும் அன்றைக்கே கிடைக்கும், ஏனென்றால் அன்றைக்கு எல்லோருக்கும் மனம் இளகியிருக்கும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கம்பெனியிடம் கேளுங்கள் என்று ஒதுங்கிவிடுவார்கள். நான் அன்று கேட்டு வாங்கியதற்குக் காரணம் புத்திசாலித்தனம் அல்ல. பள்ளியில் மாணவர் சேர்க்கை வேலை பார்த்துப் பழகிய கை, எதற்கும் முதலில் நகல் கேட்கும். பின்னால் எந்த அலுவலகத்துக்குப் பேசினாலும் முதல் கேள்வி பாஸ்போர்ட் எண், இரண்டாவது கேள்வி இக்காமா எண். அவை கையில் இல்லாதவர்களோடு யாரும் பேசுவதே இல்லை.

மருத்துவமனையில் சிகிச்சையின்போது இறந்திருந்தால் மருத்துவ அறிக்கையோடு வேலை நகர்ந்திருக்கும். அண்ணன் அறையில் இறந்ததால் காவல்துறை வந்தது, அரசு மருத்துவர் பார்த்து இயற்கை மரணம் என்று எழுதவேண்டியிருந்தது, அந்த அறிக்கை வரும்வரை மற்ற எதுவும் அசையவில்லை. இந்த இடத்தில் குடும்பத்தார் ஒரு முடிவு எடுக்கவேண்டும். இறப்பில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இப்போதே, உடலைக் கொண்டுவரச் சம்மதம் கொடுப்பதற்கு முன்பே, தூதரகத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். ஊருக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. விமானத்தில் ஏற்றுவதற்கு முன் உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றி எம்பாமிங் செய்துவிடுவார்கள். அந்த மருந்து ஏறிய பிறகு விஷம் போன்றவற்றைச் சோதித்துக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அண்ணனுக்கு இரத்த அழுத்தம் இருந்தது, மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்று அறைத்தோழரும் சொன்னார். ஆனாலும் சொந்தக்காரர்கள் சிலர் கம்பெனிக்காரன் ஏதோ மறைக்கிறான் என்று அம்மாவின் காதில் ஓதிவிட்டுப் போனார்கள். அதைப் போக்க எனக்குத் தனியாக ஒரு வாரம் பிடித்தது.

நாட்காட்டியையும் பாருங்கள். சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை, நமக்குச் சனி ஞாயிறு. இரண்டு பக்கமும் அலுவலகம் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை மட்டுமே. அவர்களுடைய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நம் காலைப் பரபரப்பில் அங்கே யாரும் போனை எடுக்கமாட்டார்கள். வியாழக்கிழமை மாலைக்குள் ஒரு தாள் போய்ச் சேரவில்லை என்றால் ஞாயிறுவரை அது யார் கண்ணிலும் படாது. இது புரிந்த பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்க்கத் தொடங்கினேன். அங்கே அது வாரத்தின் முதல் வேலை நாள், போன் சுலபமாகக் கிடைக்கும்.

நம் பக்கத்திலிருந்து போகவேண்டிய முக்கியமான தாள் சம்மதக் கடிதம். இறந்தவரின் மனைவி, பெற்றோர், வயது வந்த பிள்ளைகள் கையெழுத்திட்டு, நோட்டரி வழக்கறிஞரிடம் சான்று பெற்று அனுப்பவேண்டியது. உடலை ஊருக்கு அனுப்பச் சம்மதிக்கிறோமா, அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதிக்கிறோமா என்பது அதில் தெளிவாக இருக்கவேண்டும். அங்கே நமக்காக அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கையெழுத்திட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கவேண்டும். அவருடைய பெயர், இக்காமா எண், செல்பேசி எண் மூன்றும் அதில் வரவேண்டும். பெரும்பாலும் கம்பெனி தன் ஆளின் பெயரைப் போடச் சொல்லும். நாங்கள் தம்மாமில் இருக்கும் ஒரு சமூகத் தன்னார்வலரின் பெயரைப் போட்டோம். மலையாளி, சொந்தமாகச் சிறு கடை வைத்திருக்கிறார், பல ஆண்டுகளாக இந்த வேலையைக் காசு வாங்காமல் செய்கிறார். "சகோதரி, கம்பெனியின் ஆள் கம்பெனிக்குத்தான் ஆள்" என்று அவர் முதல்முறை பேசியபோதே சொன்னார். அந்த ஒரு பெயரை மாற்றிப் போட்டதன் பலன் எனக்குப் பின்னால்தான் முழுதாகத் தெரிந்தது.

நோட்டரி அலுவலகத்தில் அண்ணியைக் கைத்தாங்கலாக உட்காரவைத்துவிட்டு நின்றேன். "வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார் அங்கிருந்த குமாஸ்தா. "இருந்தவருக்குத்தான் இந்தக் கடிதம்" என்றேன். அவர் அதற்குப்பின் பேசவில்லை, வேலை சுருக்காக முடிந்தது. ஆனால் பெயரில் சிக்கல் வந்தது. அண்ணனின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கிறது, ஆதாரில் முதலெழுத்து மட்டும். அண்ணியின் பெயர் ரேஷன் அட்டையில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம். திருமணத்தைப் பதிவு செய்யவே இல்லை. அண்ணனின் பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று தனியாக ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்கி, மறுபடியும் நோட்டரி. வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருந்தால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது மனைவியின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பிற்பாடு மிச்சமாகும் அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு குழப்பத்தில் எங்களுக்கு நான்கைந்து நாட்கள் வீணாயின. உடல் வரவேண்டுமென்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்று யாரோ சொல்ல, அதற்கு விண்ணப்பிக்கப் போனால் இறப்புச் சான்றிதழ் எங்கே என்றார்கள். இறப்புச் சான்றிதழ் சவூதியில், அதுவும் அரபியில், இன்னும் அச்சாகவே இல்லை. தன்னார்வலர்தான் தெளிவாக்கினார்: உடலுக்குச் சம்மதக் கடிதம் போதும், வாரிசுச் சான்றிதழ் பின்னால் கம்பெனி தரவேண்டிய பாக்கித் தொகைக்கு. வெளிநாட்டில் இறந்த இந்தியக் குடிமகனின் இறப்பை அங்கேயுள்ள இந்தியத் தூதரகம் பதிவு செய்து சான்றிதழ் கொடுக்கிறது. ஊருக்கு வந்தபிறகு அந்தச் சான்றிதழை வைத்துத்தான் வங்கி, இன்சூரன்ஸ், வட்டாட்சியர் அலுவலகம் எல்லாம். நம் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ இந்த இறப்பைப் பதிவு செய்யமாட்டார்கள், அங்கே போய்க் காத்திருக்கவேண்டாம்.

இனி கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். சம்மதக் கடிதத்தை அனுப்பிய மறுநாள் கம்பெனி அதிகாரி ஒருவர் பேசினார். மிகவும் மரியாதையான குரல். இன்னும் ஒரே ஒரு தாளில் மேடம் கையெழுத்து வேண்டும், வந்துவிட்டால் இரண்டு நாளில் உடலை அனுப்பிவிடுவோம் என்றார். மின்னஞ்சலில் வந்த தாளின் ஒரு பாதி அரபி, மறுபாதி ஆங்கிலம். மேலே இறந்தவரின் ஆன்மாவுக்கு அஞ்சலி. கீழே மூன்றாவது பத்தியில், இறந்தவருக்குச் சேரவேண்டிய சம்பளம், பணிக்கொடை, விடுப்புத் தொகை அனைத்தும் பெற்றுக்கொண்டோம், இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று இருந்தது. ஒரு ரியால்கூட வரவில்லை. அதை நான் அண்ணியிடம் காட்டவே இல்லை. அதிகாரியைத் திரும்ப அழைத்து, உடலை அனுப்புவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். நடைமுறை மேடம் என்றார். இதில் கையெழுத்து இல்லாமல் அனுப்பமுடியாதா என்றேன். கஷ்டம் மேடம், பிணவறையில் நாள் ஆகிறது பாருங்கள் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது என் உடம்பு நடுங்கியது. அவர் என்னை மிரட்டவில்லை. ஒரு தகவல்போலத்தான் சொன்னார்.

நான் மறுத்துவிட்டேன் என்று வீட்டில் தெரிந்ததும் ஏற்பட்டதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. "காசு யாருக்கு வேண்டும்? என் பிள்ளை முகத்தைக் காட்டு" என்றாள் அம்மா. மாமாக்கள் இருவரும் நான் பணத்துக்காக அண்ணனைப் பிணவறையில் போட்டு வைத்திருக்கிறேன் என்றே பேசினார்கள். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் பாரமாக இருந்தது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் ஒன்றும் ஆறாம் வகுப்பில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது அந்தத் தாளில் கையெழுத்து வாங்கித்தரும் உரிமை எனக்கு இல்லை என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படியே தோன்றுகிறது.

தன்னார்வலர் அன்றிரவே ஒரு விஷயம் சொன்னார். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, இறந்த தொழிலாளியின் உடலைத் தயார்செய்து அவர் வேலைக்கு எடுக்கப்பட்ட இடத்துக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. குடும்பத்தின் சம்மதத்தோடு அங்கேயே அடக்கம் செய்தாலோ, அந்நாட்டுச் சமூகக் காப்பீட்டு நிறுவனமே செலவை ஏற்றாலோதான் விலக்கு. அதாவது அது கம்பெனி காட்டும் கருணை அல்ல, கடமை. பணிக்கொடைக்கும் 84-வது பிரிவில் கணக்கு இருக்கிறது: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். அண்ணனின் 11 ஆண்டுகளுக்கு எட்டரை மாதச் சம்பளம் ஆகிறது. எடுக்காத விடுப்பும் கடைசி மாதச் சம்பளமும் தனி. ஒரு தாளில் அண்ணி எழுதிக்கொடுக்கவேண்டியிருந்தது இவ்வளவு பணத்தை. ஒரு எச்சரிக்கை: வீட்டு டிரைவர், வீட்டு வேலை செய்பவர்கள் இந்தத் தொழிலாளர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள், அவர்களுக்குத் தனி விதிகள். அதனால் முதலில் விசா எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் இரண்டு வேலை செய்தேன். வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதிந்தேன். 2015 முதல் இருக்கும் தளம்தான், எங்கள் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பதிந்தவுடன் ஒரு எண் வருகிறது. அது நேராக அந்நாட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகிறது, அவர்கள் பதில் எழுதியாகவேண்டும். புகாரில் அழுகையை எழுதவில்லை. பாஸ்போர்ட் எண், இக்காமா எண், இறந்த தேதி, கம்பெனி பெயர், அவர்கள் அனுப்பிய தாளின் நகல், 40-வது பிரிவு, எங்கள் கோரிக்கை ஒரே வரியில். இரண்டாவதாக, சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத்துறை ஆணையரகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் அதே தாள்களோடு மனு அனுப்பினேன். ரியாத் தூதரகத்தில் இறப்பு விவகாரங்களைப் பார்க்கும் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார். அந்தத் தாளில் கையெழுத்திடவேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். பாக்கித் தொகை பற்றி கம்பெனியிடமே எழுத்தில் கேட்பதாகவும் சொன்னார். சம்மதக் கடிதத்தில் கம்பெனி ஆளின் பெயர் இருந்திருந்தால் இதெல்லாம் நடப்பதற்குள் அவரே கையெழுத்திட்டு முடித்திருப்பார். ஒரு வாரத்தில் கம்பெனியின் மரியாதையான குரல் மறுபடி வந்தது. அந்தத் தாளைப் பற்றிய பேச்சே இல்லை. பெட்டியைப் பெற்றுக்கொள்பவர் பெயர் என்ன மேடம் என்று மட்டும் கேட்டது.

முதலாளி கைவிரித்துவிட்டாலோ, இக்காமா காலாவதியாகி முதலாளியே இல்லாமல் இருந்தவராக இருந்தாலோ வழி இல்லாமல் போய்விடாது. இந்தியத் தூதரகங்களில் 2009-ல் தொடங்கப்பட்ட இந்திய சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. வசதியற்ற குடும்பம் என்று தெரிந்தால் உடலை அனுப்பும் செலவை அதிலிருந்து ஏற்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். இன்னொன்று, பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் குடியேற்ற அனுமதி பெற்றுப் போகும்போது கட்டாயமாக எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு. அதில் 10 லட்சம் ரூபாய் விபத்து மரணத்துக்குத்தான். மாரடைப்புக்குக் கிடையாது. எங்கள் மாமா அந்தப் பத்து லட்சத்தைப் பிரிப்பது பற்றியே பேசத் தொடங்கிவிட்டார். அவரை உட்காரவைத்துப் படித்துக் காட்டவேண்டியதாயிற்று.

இந்தத் துயரத்தில் காசு பார்ப்பவர்களும் வருவார்கள். அமைச்சகத்தில் ஆள் தெரியும், கிளியரன்ஸ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் அண்ணியின் தம்பியிடம் 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். நல்ல வெள்ளைச் சட்டை, கையில் பழைய செய்தித்தாள் நறுக்குகள், எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் உடல் வந்து சேர்ந்த செய்தி. பணம் திரும்பவில்லை, போனும் எடுப்பதில்லை. உடலை அனுப்பத் தடையில்லை என்று தூதரகம் தரும் தடையில்லாச் சான்றுக்கோ, மதத் புகாருக்கோ இடைத்தரகர் தேவையே இல்லை. என் கைக்காசில் நோட்டரி, பத்திரம், மொழிபெயர்ப்பு, வாடகைக் கார், போன் எல்லாம் சேர்ந்து 30,000 ரூபாய்க்கு மேல் போனது, அதோடு பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு. அது வருத்தமில்லை. அந்த 25,000 மட்டும் இன்னும் உறுத்துகிறது.

பந்தல் கதையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி இரண்டு நாளில் என்று சொன்னதை யாரோ காதில் வாங்கி, பெரிய மாமா பந்தல் போட்டு, நாற்காலி இறக்கி, குளிர்பெட்டிக்கு முன்பணம் கொடுத்து, வெளியூர் உறவுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். பெங்களூரிலிருந்துகூட வந்துவிட்டார்கள். வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், உடல் வரவில்லை, இரண்டு நாள் சமையல் நடந்தது, பிறகு எழுந்து போனார்கள். அந்தப் பந்தல் வெயிலில் வெறுமனே நின்றது. உண்மையாகவே உடல் வந்த அன்று பாதிப் பேர் வரவில்லை. ஏர்வே பில் எண் கைக்கு வரும்வரை யாருக்கும் தேதி சொல்லாதீர்கள். அது விமானச் சரக்கு ரசீது. அதில் எந்த விமானம், எந்த நாள், எத்தனை கிலோ, யார் பெற்றுக்கொள்வது எல்லாம் இருக்கும். எங்களுக்கு அந்த எண் வந்தபிறகும் இடமில்லை என்று ஒருமுறை விமானம் மாறியது. அதனால் பெட்டி விமானத்தில் ஏறிவிட்டது என்று அங்கிருந்து ஒருவர் உறுதி சொன்னபிறகே பந்தல்காரரைக் கூப்பிட்டேன்.

தூதரகத்தின் தடையில்லாச் சான்று கிடைத்தபிறகு அங்கே மளமளவென்று வேலை நடந்தது. சவூதி இறப்புச் சான்றிதழ், காவல்துறையின் அனுமதிக் கடிதம், பாஸ்போர்ட் ரத்து, இறந்தவருக்கும் இறுதி வெளியேற்ற விசா, எம்பாமிங், சரக்குப் பதிவு. ஒவ்வொன்றும் கிடைக்கக் கிடைக்கத் தன்னார்வலர் படம் எடுத்து அனுப்பினார். அவற்றை வரிசையாக ஒரே கோப்பாக வைத்துக்கொண்டேன். ஏனென்றால் இங்கே விமான நிலையத்தில் அதே தாள்கள்தான் மறுபடி வேண்டும். வெளிநாட்டிலிருந்து உடல் இறங்க விமான நிலையச் சுகாதார அதிகாரியின் அனுமதி தேவை. 2023 ஆகஸ்ட் முதல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 'இ-கேர்' இணையதளத்தில் இதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட்டின் நகல் ஆகியவை கேட்பார்கள். விமானம் கிளம்பும் முன்பே இது முடிந்துவிட்டால் இங்கே காத்திருப்பது குறையும்.

திருச்சியில் பெட்டி வருவது பயணிகள் வாசல் வழியாக அல்ல, சரக்கு முனையத்தில். இது தெரியாமல் பலர் வருகை வாசலில் மாலையோடு நிற்கிறார்கள். ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தன் அசல் ஆதாரோடு வரவேண்டும், நகல்கள் நிறைய வேண்டும், சிறு கட்டணங்களுக்குச் சில்லறையாகப் பணம் வேண்டும். சுங்கம், சுகாதாரம், விமான நிறுவனம் என்று கையெழுத்துகள் முடிய அதிகாலை நான்கு மணியிலிருந்து எட்டுவரை ஆனது. யாரும் தொந்தரவு கொடுக்கவில்லை. ஒரு அதிகாரி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வெளியே அரசின் இலவச அமரர் ஊர்தி நின்றது, ஆணையரகத்துக்கு அனுப்பிய மனுவின் பலன் அது. இல்லாவிட்டால் வாடகை வண்டியின் உள்நீளத்தை முன்பே கேட்டுவிடுங்கள். வெளிப்பெட்டி ஆறரை அடிக்கு மேல் இருக்கும். எடையும் நூறு கிலோவைத் தாண்டும், தூக்க ஆறு பேராவது வேண்டும்.

சாக்குத் துணி சுற்றிய மரப்பெட்டி. அதன்மேல் ஒட்டிய தாளில் அண்ணனின் பெயர், எடை, சரக்கு எண். ஒரு முனையில் சிவப்பு எழுத்தில் தலைப்பக்கம் என்று ஆங்கிலத்தில் குறித்திருந்தார்கள். மூலையில் சாக்கு கிழிந்து உள்ளே வெளிர் மஞ்சள் பலகை தெரிந்தது, புதுப் பலகையின் வாசனையோடு இன்னொரு காரமான மருந்து நெடி. நான் அந்தத் தலைப்பக்கத்தில் கை வைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. சரியான பெட்டிதானா என்று பாஸ்போர்ட் எண்ணை இரண்டுமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன், அதுதான் அப்போது செய்யத் தோன்றியது.

பெட்டியைத் திறப்பது பற்றி யாரும் சொல்வதில்லை. வெளிப்பெட்டி ஆணி அடித்தது, உட்பெட்டி திருகாணி. நாங்கள் கடப்பாரையும் திருப்புளியும் வண்டியிலேயே எடுத்துப் போயிருந்தோம். பிள்ளைகளும் அம்மாவும் வருவதற்கு முன் தெருமுனையில் நிறுத்தி வெளிப்பெட்டியைப் பிரித்துவிட்டு, உட்பெட்டியை நானும் அண்ணியின் தம்பியும் மட்டும் முதலில் திறந்து பார்த்தோம். நாள் கழித்து வரும் உடலின் நிறம் கறுத்திருக்கும், முகம் சற்று உப்பியிருக்கும், மருந்தின் நெடியில் கண் எரியும். எங்களுக்கு முகம் அடையாளம் தெரிந்தது, அதனால் அம்மாவுக்குக் காட்டினோம். அப்படி இல்லையென்றால் திறக்காமலே முடிக்கவேண்டிவரும். அந்த முடிவை எடுக்க ஒருவர் முன்பே மனத்தைத் தயார் செய்துகொள்ளவேண்டும். வாசலின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். எங்கள் வீட்டு நிலைப்படியில் பெட்டி நுழையவில்லை, உடலை வெளியே எடுத்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். நீண்ட நேரம் வைத்திருக்கவில்லை. பிற்பகலுக்குள் எரியூட்டிவிட்டோம்.

அண்ணனின் பொருட்கள் பின்னால் ஒரு பெட்டியில் வந்தன. என்னென்ன இருக்கிறது என்று அறைத்தோழரிடம் முன்பே பட்டியல் எழுதி வாங்கியிருந்ததால், விட்டுப்போன கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்க முடிந்தது. செல்பேசி காவல்துறையிடம் இருந்தது, அதில்தான் வங்கிக் கடவுச்சொல்லும். சவூதி வங்கிக் கணக்கில் இருந்த பணத்தை எடுக்க வாரிசுச் சான்றிதழும், அங்கே உள்ளவருக்குத் தனியாக இன்னொரு அதிகாரப் பத்திரமும் கேட்கிறார்கள். பாக்கித் தொகை தூதரகம் வழியாகவும் கலெக்டர் வழியாகவும் வாரிசுகளுக்குப் பிரித்துத் தரப்படும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகளுக்குச் சமமாக அம்மாவுக்கும் பங்கு உண்டு. இதை அண்ணிக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் வைத்துச் சொன்னேன். தனித்தனியாகச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் இரண்டாவது துக்கம் நடந்திருக்கும். அம்மா தன் பங்கைப் பேத்தி பெயரில் போடச் சொல்லிவிட்டாள்.

பணிக்கொடை வந்துவிட்டது, கணக்கும் சரியாக இருந்தது. கடைசி மாதச் சம்பளமும் விடுப்புத் தொகையும் வரவில்லை. கம்பெனி கொடுத்துவிட்டதாகச் சொல்கிறது, ரசீது காட்டச் சொல்லியிருக்கிறோம். போன வாரம் மதத் தளத்தில் அதே பழைய எண்ணின் கீழ் மறுபடி எழுதியிருக்கிறேன்.